நாற்பது எலிகளின் காதுகள்

பிப்ரவரி 3

இன்றுமுதல் இந்த நோட்டு. ஆய்வுக்கூடத்தில் நான் எழுதிய ஆறு நோட்டுகளையும், நிறுவனத்தின் சொத்து என்று சொல்லி மூன்று வருடத்துக்கு முன்பே டாக்டர் ஞானசுந்தரம் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். இது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். இதை யாரும் கேட்க முடியாது.

இன்று பிரிண்டர் தட்டில் அவருடைய கட்டுரை கிடந்தது. எடுத்துப் படித்தேன். என் ஆறு நோட்டுகளும் அதில் இருந்தன.

நிமோனியா கிருமிக்கு மேலே சர்க்கரையாலான ஓர் உறை உண்டு. அந்தச் சர்க்கரையை எலிக்கு ஊசியில் ஏற்றினால் எலியின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னால் அதிலேயே நூறில் ஒரு பங்கைப் போட்டுவிட்டால், பிறகு முழு அளவு போட்டாலும் எலி சும்மா இருந்துவிடும். அந்தச் சின்ன அளவு ஒரு வகை டி செல்களை எழுப்பிவிடுகிறது. அவை எழுந்து, ஆன்டிபாடி உண்டாக்கும் செல்களை அடக்கிவைக்கின்றன. இதுவரைக்கும் பழைய சங்கதி, புத்தகத்தில் இருப்பது. எங்கள் எலிகளில் அந்த அடக்கும் செல்கள் சின்ன அளவு போட்டதிலிருந்து எத்தனையாவது மணியில் விழிக்கின்றன என்று கண்டுபிடித்தது நான். பதினெட்டாவது மணி. தீபாவளியன்றும் வந்து இரத்தம் எடுத்திருக்கிறேன்.

கட்டுரையில் நாலு பேர் பெயர். கடைசியில் ஒரு வரி: விலங்குக் கூடப் பணியாளர்களுக்கு நன்றி.

அந்தப் பணியாளர்கள் நான்தான். கோகிலவாணி, வயது நாற்பத்துநாலு, தொழில்நுட்ப உதவியாளர், பத்தொன்பது வருட சர்வீஸ். எனக்கு வயிறு எரிகிறது. எரிகிறது என்று எழுதினாலும் ஆறவில்லை.

பிப்ரவரி 4

பதினோரு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிரப்பினேன். அவரைச் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 12

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். டாக்டரே என் கூடத்துக்கு அழைத்துவந்தார்.

“வாணிம்மா, இவர் இசக்கிராஜ். பிஎச்.டி. பண்ண வந்திருக்கார். எம்-7 வேலை முழுக்க இவர் பேர்லதான். நீங்க எலி வேலையை மட்டும் பாத்துக்கங்க.”

எம்-7 என்பது டாக்டர் கையில் வைத்திருக்கும் மருந்து. அடக்கும் செல்களை அது உட்காரவைத்துவிடும், ஆன்டிபாடி எகிறும் என்பது அவருடைய நம்பிக்கை. அது பலித்தால் தடுப்பூசிக் கம்பெனிகள் வாசலில் நிற்கும், விருது வரும், அடுத்த இயக்குநர் அவர்தான்.

இசக்கிராஜுக்குத் திருநெல்வேலிப் பக்கம். டாக்டர் போனதும் சொன்னார்: “எனக்கு எலியத் தொட்டே பழக்கம் கெடையாதுக்கா. மீனுலதான் வேல பாத்தேன். நீங்கதான் சொல்லித் தரணும்.”

“சொல்லித்தர நா ஆருங்க தம்பி? எலி வேலை மட்டும் பாக்கறவ.”

முகம் சுண்டிப்போயிற்று அவருக்கு. எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

பிப்ரவரி 25

நாற்பது எலிகள் வந்து இறங்கின. காதில் ஓட்டை போட்டேன்.

யாருக்கு எம்-7, யாருக்கு வெறும் உப்புநீர் என்று கூண்டில் எழுதமாட்டோம். இரண்டு வகையும் ஒரே கூண்டில் கலந்தே இருக்கும். அளக்கிறவருக்குத் தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வாலில் மையால் எழுதுவது வெறும் வரிசை எண். எந்த வகை என்பதற்கு அடையாளம் காதில்தான். எலியின் இடது காதில் ஓட்டை என்றால் எம்-7. வலது காதில் என்றால் உப்புநீர். எந்தக் காதுக்கு எது என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அளந்து முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

நான் எலியை வாலடியில் பிடித்துக் கம்பி மூடியின்மேல் விடுவேன். அது முன்னால் இழுத்துக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அதன் இடது எனக்கும் இடது. இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே இதைச் சொல்வது வழக்கம்.

மார்ச் 5

மார்ச் 2 அன்று எல்லா எலிக்கும் சின்ன அளவு. நேற்றுப் பாதிக்கு எம்-7, பாதிக்கு உப்புநீர். இன்று எல்லாவற்றுக்கும் முழு அளவு. நாற்பது ஊசி, ஒன்றும் சிந்தவில்லை. இந்தக் கையை நம்பித்தான் அவர் விருது வாங்கப் போகிறார்.

குக்கர் கேஸ்கட் போய்விட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 10

இன்று இரத்தம் எடுத்தார்கள். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

இரத்தம் எலியின் கன்னத்து நரம்பில் எடுப்பது. அதற்கு எலியின் பிடரித் தோலைச் சேர்த்துப் பிடித்து, முகத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். இசக்கிராஜ் அப்படிப் பிடித்தார். பிடித்தபடியே காதையும் பார்த்தார். எதிரே நிற்கிற ஆளின் வலது கை நமக்கு இடப்பக்கம் இருக்குமே, அது அவருக்குத் தோன்றவில்லை. மீனுக்குக் காது ஏது.

“அக்கா, மொத எலி. எடது. சரிதானக்கா?”

நான் பார்த்தேன். ஓட்டை எலியின் வலது காதில் இருந்தது.

“நீங்க படிச்சவங்க, என்னையக் கேக்கறீங்களே” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு குழாயிலும் வரிசைத் தாளில் அந்த எலியின் எண்ணுக்கு நேரேயும் ‘இடது’ என்று எழுதினார். பிறகு கேட்கவில்லை. நாற்பது எலி. நாற்பதும் தலைகீழ். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கட்டுரையில் பெரிய பெயர் டாக்டருடையது. மேடையில் நிற்கப்போகிறவர் அவர். முகத்தில் கரி விழும்போது அவர் முகத்தில்தான் விழும்.

மார்ச் 11

நன்றாகத் தூங்கினேன். ரொம்ப நாளாயிற்று.

மார்ச் 13

உறையைப் பிரித்தார்கள். எம்-7 கொடுத்த எலிகளில் ஆன்டிபாடி மூன்று மடங்காம். டாக்டர் ஜாங்கிரி வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று.

“பாத்தீங்களா வாணிம்மா, நான் சொன்னேன் இல்ல?”

“சொன்னீங்க சார்.”

திருப்பிப் போட்டுப் பார்த்தால் உண்மை இதுதான்: எம்-7 கொடுத்த எலிகளில்தான் ஆன்டிபாடி மூன்றில் ஒரு பங்கு. அந்த மருந்து அடக்கும் செல்களை உட்காரவைக்கவில்லை, தட்டிக்கொடுத்துக் கிளப்பிவிட்டிருக்கிறது. ஜாங்கிரி தித்திப்பு அதிகம். இரண்டாவதும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 14

மதியம் மூன்று மணிக்கு டாக்டர் தனியாகக் கூடத்துக்கு வந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறவர். கையில் இசக்கிராஜின் எலி வரிசைத் தாள். நான் உள்ளறையில் தண்ணீர்ப் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ஒரு கூண்டைத் திறந்தார். எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் கம்பிமேல் விட்டார். அந்தக் காலத்து ஆள், பிடி மறக்கவில்லை. வாலில் எண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இன்னொரு எலி. இன்னொன்று. அஞ்சாறு பார்த்திருப்பார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“வாணிம்மா, இந்த நாற்பதையும் நாளைக்கே முடிச்சிடுங்க.”

“இருபத்தஞ்சாந் தேதி ரெண்டாவது தடவ ரத்தம் எடுக்கோணுமுங்களே சார்?”

“வேண்டாம். இருக்கறதே போதும்.”

அவருக்கு அவசரம். பெரிய மனிதர்களுக்கு எப்போதும் அவசரம்தான்.

மார்ச் 15

நாற்பதையும் முடித்து எரியூட்டிக்கு அனுப்பியாயிற்று. முன்கூட்டி முடித்தால் காரணம் எழுத ஒரு படிவம் உண்டு. டாக்டரே பூர்த்தி செய்திருந்தார்: வயிற்றுப்போக்கு, நோய் அறிகுறி. கீழே அவர் கையெழுத்து.

நேற்று மாலை வரை எல்லா எலியும் நன்றாகத் தின்றன. கூண்டில் பரப்பிய உமி காய்ந்தே இருந்தது. ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் அதுதான் வசதி. காதுகள் போய்விட்டால் நான் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இதைப் பற்றி மேலே யோசிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 6

டெல்லி மாநாட்டில் டாக்டர் பேசினார். செய்தித்தாளில் படம். பொன்னாடையோடு நிற்கிறார். கத்தரித்து இந்த நோட்டில் வைத்திருக்கிறேன். இன்னும் ஏறட்டும். எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ அவ்வளவுக்கு அடி பலமாக இருக்கும்.

பத்தொன்பது வருடமாக எனக்கும் சின்னச் சின்ன அளவாகத்தான் போட்டுவந்தார். முதல் வருடம் நாற்காலி இல்லை. அப்புறம் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அப்புறம் நோட்டுகள். அதனால்தான் முழு அளவு போட்டபோதும் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்துவிட்டார்.

ஏப்ரல் 17

இசக்கிராஜ் ஊருக்குப் போய்வந்தார். அவர் அம்மா கொடுத்துவிட்டதாக ஒரு பொட்டலம் கருப்பட்டி. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். எம்-7 கட்டுரையில ஒங்க பேரப் போட்டுத்தான் கொடுத்தேன். சார் அடிச்சுட்டாவ. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அடிச்சுட்டாவ. எனக்கு மனசு கேக்கல.”

“பரவால்லீங்க தம்பி” என்றேன்.

கருப்பட்டி நன்றாக இருக்கிறது. காப்பிக்கு ஆகும். இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, கட்டுரை அச்சாகவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம்.

ஏப்ரல் 20

திங்கட்கிழமை. சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 9

கட்டுரை வெளியாகிவிட்டது. இசக்கிராஜ் பெயர் முதலில், டாக்டர் பெயர் கடைசியில். எங்கள் வழக்கத்தில் கடைசிப் பெயர்தான் முதலாளி.

மே 21

வந்துவிட்டது. டெல்லியில் டாக்டர் பேசியதைக் கேட்டு, அப்போதே எம்-7-ஐ வாங்கித் தானும் செய்துபார்த்த ஒரு வடநாட்டு ஆய்வுக்கூடம் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஒரே பத்தி: “மூன்று முறை செய்தோம். எங்கள் எண்கள் உங்கள் எண்களுக்கு நேர் எதிராக இருக்கின்றன. விளக்கம் தேவை.” அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் படித்தார்கள். டாக்டர் முகம் வெளிறியது. அதைப் பார்க்கத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். கண் நிறையப் பார்த்தேன்.

மாலை வெண்டைக்காய்ப் பொரியலுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி, “என்ன, ஒரே சிரிப்பா இருக்கற?” என்றார்.

மே 23

அவசரக் கூட்டம். ஒரு மூலையில் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

டாக்டர் வெளிறின முகத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். எழுந்து நின்று இசக்கிராஜைக் கை காட்டினார்.

“எலிக் காது பாக்கத் தெரியாத ஆளை நம்பினேன் பாருங்க, அது என் தப்பு. இடது வலது தெரியலை இவருக்கு. மொத்த எலியும் மாத்தி எழுதியிருக்கார். என் முப்பது வருஷப் பேரைக் கெடுத்துட்டார்.”

“சார், நான்... எனக்குத் தெரியல சார். எப்பிடி மாறிச்சுன்னு...” பையனுக்கு வாய் குழறியது. அந்த நிமிடம்வரை அவருக்கே தெரியாது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன். கடிதத்தில் காது என்று ஒரு வார்த்தை இல்லை. எண்கள் எதிராக இருக்கின்றன, அவ்வளவுதான். மருந்து கெட்டிருக்கலாம், அளவு தப்பியிருக்கலாம், நூறு காரணம் இருக்கலாம். காது என்று இவருக்கு யார் சொன்னது?

மே 24

மார்ச் 14-ஐ எடுத்துப் படித்தேன். நானே எழுதியது. எல்லாம் அதிலேயே இருக்கிறது. அன்றைக்கே அவருக்குத் தெரியும். தெரிந்தும் எலிகளை எரித்தார், மேடை ஏறினார், மாட்டினால் தள்ளிவிட ஒரு பையனையும் முதல் பெயராகப் போட்டு வைத்துக்கொண்டார்.

நான் என்னவோ அவருக்குக் குழி வெட்டியதாக நினைத்துக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவனை அதில் இறக்கிவிட்டார். கையைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. முன்பு அவர்மேல் இருந்தது கோபம். இப்போது இருப்பதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

ஜூன் 2

இசக்கிராஜின் பிஎச்.டி. பதிவை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஜூன் 16 அன்று வெளியிலிருந்து மூன்று பேர் கமிட்டி வருகிறது. தப்பு என்று முடிவானால் அனுப்பிவிடுவார்கள். இனி எந்த ஆய்வுக்கூடமும் சேர்க்காது.

மதியம் கூடத்துக்கு வந்தார். மெலிந்துவிட்டார்.

“அக்கா, மொத எலியப் பிடிச்சப்போ நான் ஒங்கள்ட்ட கேட்டேம்லா? சரிதானான்னு?”

“ஞாபகம் இல்லீங்க தம்பி.”

“சரிக்கா” என்று போய்விட்டார். இது பொய். இதுவரை நான் பொய் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். இதை அப்படி எழுத முடியாது.

ஜூன் 9

டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது.

“வாணிம்மா, திருத்தின கட்டுரை ஒண்ணு எழுதணும். எம்-7 உண்மையில என்ன பண்ணுதுன்னு. அடக்கும் செல்களை அது கூட்டுதுன்னா அதுவும் பெரிய விஷயந்தான். இதுல முதல் பேரு உங்களோடது. பழைய நோட்டெல்லாமும் உங்க பேர்லயே எடுத்துக்கலாம்.”

நான் காப்பியை எடுத்துக்கொண்டேன்.

“கமிட்டிக்கு நீங்க ஒரே ஒரு வாக்குமூலம் கொடுத்தாப் போதும். காது பாக்கற முறையை இசக்கிராஜுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன், அவர் கவனிக்கலைன்னு.”

தாளையும் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிவந்தேன். உண்மையை எழுதிவிடுகிறேன்: அவர் முதல் பேரு என்று சொன்னபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அச்சில் என் பெயர் எப்படி இருக்கும் என்று பேருந்தில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். அந்தப் பையன் ஞாபகம் காந்திபுரம் வந்த பிறகுதான் வந்தது.

ஜூன் 13

இரண்டு நாளாக மாவு புளித்துக் கிடக்கிறது, இட்லி ஊற்றவில்லை. வேலுச்சாமி லேத்துப் பட்டறையிலிருந்து வந்ததும் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு முழுதும் படித்தார். நேரம் ஆயிற்று.

“அந்தாளு எலியத் தூக்கிப் பாத்ததுக்கு வேற சாட்சி ஆரு?”

“ஆருமில்ல. நான் எழுதி வெச்சதுதான். எலிக நல்லா இருந்துதுங்கறதும் இதுலதான் இருக்குது. அந்தப் படிவத்துல போட்டது பொய்யின்னு இத வெச்சுத்தான் சொல்ல முடியும்.”

“அப்ப அந்த மார்ச் பத்து? பாத்துக்கிட்டே நின்னேன்னு எழுதியிருக்கறயே. அத மட்டும் கிழிச்சுப் போட்டுட்டுக் குடு.”

“கிழிச்சா அந்தப் பையன் மேலதான் நிக்கும். அதுமில்லாம, நடுவுல ஒரு பக்கம் இல்லாத நோட்ட ஆரு நம்புவாங்க? இவளா உக்காந்து சோடிச்சான்னு அந்தாளு சொல்லீருவான்.”

“முழுசாக் குடுத்தா உன்ற வேலையும் போயிரும் கண்ணு.”

“போகட்டும்.”

“இருபது வருச சர்வீஸ் ஆனாத்தான் பென்ஷன். அதுக்கு ஒரு வருசந்தான் இருக்குது.”

“தெரியுமுங்க.”

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு” என்றார்.

“அந்தாளு போகோணும்” என்றேன்.

ஜூன் 16

காலை பதினொன்று. கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இசக்கிராஜ் உள்ளே இருக்கிறார். அடுத்தது நான். டாக்டர் எதிர் நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வாக்குமூலத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார். நானும் தலையாட்டினேன்.

கமிட்டியில் இருக்கும் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். மார்ச் 14, 15 பக்கங்களைப் படியுங்கள். பிறகு அலுவலகத்தில் இருக்கும் படிவத்தை எடுத்து அவர் எழுதிய காரணத்தைப் பாருங்கள். மே 23 கூட்டத்தில் அவர் காது என்று சொன்னதைப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள், ஒவ்வொருவரையும் கேளுங்கள். கடிதத்தில் அந்தச் சொல் எங்கே என்று அவரையே கேளுங்கள். கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அதற்காக என்னை உள்ளே இருக்கவிட்டால் நன்றி.

மார்ச் 10-ஐயும் படியுங்கள். முதல் எலியிலேயே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. ஜூன் 2 அன்று அந்தப் பையன் கேட்டபோதும் ஞாபகம் இல்லை என்றேன். நல்ல ஞாபகம். இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது உங்களிடம் அல்ல.

நான் திருந்திவிட்டதாக யாரும் எழுதிவிட வேண்டாம். அந்தப் பையனுக்காக மட்டும் என்றால் இவ்வளவு தூரம் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அவர் விழுவதற்கு நானும் கூட விழ வேண்டும் என்று இருக்கிறது, அதனால் விழுகிறேன்.

கதவு திறக்கிறது. இசக்கிராஜ் வெளியே வருகிறார். என்னைப் பார்க்காமல் போகிறார். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், முழுப் பெயர்.